குளிகை காலமும் உப்பளத்துப் பறவைகளும்

செம்பூரில் எங்கள் காலனியின் பின்சுவரோடு ஊர் முடிந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் சதுப்பு, அலையாத்திப் புதர்கள், யாரோ எப்போதோ கைவிட்ட உப்பளத்தின் வரப்புகள், அதற்கும் அப்பால் உப்பங்கழி. அறுபதுகளின் தொடக்கத்தில் மாட்டுங்காவின் ஒற்றை அறையைக் காலி செய்துவிட்டு இங்கே குடிவந்தபோது, "கொசுவோட சேர்ந்து குடித்தனம் பண்ணப் போறேளா?" என்று கேட்காத உறவினர் இல்லை. எங்களுக்கு மொட்டை மாடி கிடைத்தது. என் மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது. மாட்டுங்காவில் வடாம் காய வைக்க அவள் ஜன்னல் கம்பியைத்தான் நம்பியிருந்தாள்.

அந்தச் சதுப்பில் சுடக் கூடாது என்ற உத்தரவு வந்ததற்குக் காரணமே அவளுடைய வடாம்தான். பறவைகள் மேல் அன்பு கொண்டு யாரும் அதைக் கேட்கவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பில் நாலைந்து பேர் துப்பாக்கிகளுடன் வருவார்கள். உப்பளத்து வரப்பில் குந்தியிருந்து தாரா என்ற காட்டு வாத்துகளையும் சேற்றில் மேயும் உள்ளான்களையும் சுடுவார்கள். சத்தம் கேட்டுக் காலனிக் குழந்தைகள் கைதட்டும். எங்களுக்கு அது தீபாவளி வெடி போலப் பழகிவிட்டது. இப்படி ஒரு மாசி மாதத்தில் என் மனைவி வேட்டியை விரித்து அந்த வருஷத்தின் முதல் வடாமைப் பிழிந்து வைத்தாள். காய்ந்ததும், வழக்கப்படி, கீழ் வீட்டு மாமாவுக்கு ஒரு டப்பா போயிற்று. மாமா ரயில்வே கணக்கு இலாகாவில் ஓய்வு பெற்றவர், காலனிச் சங்கத்தின் காரியதரிசி, பஞ்சாங்கம் பார்க்காமல் முடிவெட்டிக்கொள்ளக்கூடப் போகாதவர். அன்று மத்தியானம் அவர் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார்.

"ஏம்மா, உங்காத்து வடாத்துல ஈயம் சேக்கற வழக்கம் உண்டா?"

"என்ன மாமா சொல்றேள்? அரிசி மாவும் ஜவ்வரிசியும் உப்பும்தான்."

மாமா கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். மிளகைவிடச் சிறியதாக ஒரு ஈயக் குண்டு. பக்கத்தில் அவருடைய கடைவாய்ப் பல்லின் ஒரு துண்டு.

"எது எதுன்னு தெரியறதோ? பளபளன்னு இருக்கறது உன்னுது. மஞ்சளா இருக்கறது என்னுது."

வானத்தில் சுட்ட குண்டுகள் வேகம் இழந்து எங்கள் மாடியில் விழுந்து, ஈர மாவில் பதிந்திருக்கின்றன. மீதி வடாமை எண்ணெயில் போடாமல் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். இன்னும் சில கிடைத்தன. மாமா பல்லையும் குண்டையும் தன் மூக்குப்பொடி டப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட அரசு அலுவலகத்துக்கு மனுவோடு போனார். அங்கே இருந்த அதிகாரி மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். மேஜை மேல் டப்பியைத் திறந்து வைத்ததும் அவர் தும்மிவிட்டுச் சிரித்தாராம். ஆனால் இரண்டு வருஷத்துக்கு உத்தரவு போட்டுக் கொடுத்தார். குடியிருப்பவர்களின் பாதுகாப்பை முன்னிட்டு இந்த இடத்தில் துப்பாக்கிப் பிரயோகம் கூடாது என்று மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை பின்சுவருக்கு அப்பால் ஊன்றப்பட்டது.

நான் பறவைகளைக் கவனிக்க ஆரம்பித்தது, உத்தரவு வருவதற்குச் சற்று முந்தைய ஒரு காலையில். நீண்ட சிவப்புக் கால்களும் கறுப்பு இறக்கையுமாக ஒரு பறவை மாடியில் வந்து விழுந்தது. ஒரு கால் முறிந்து தொங்கியது. என் மனைவி கூடையைக் கவிழ்த்து நிழல் கொடுத்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். நான் காபி குடித்துவிட்டு வருவதற்குள் அதன் உயிர் போய்விட்டது. அவள் கூடையை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "எவ்வளவு மெல்லிசுக் கால்! இதைச் சுட்டு என்னத்தைத் தின்னுவான்?" என்றாள். அன்று சாயங்காலம் ஃபோர்ட்டில் நடைபாதைக் கடையில் பறவைகளைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்தையும், அடுத்த மாதம் சோர் பஜாரில் ஒரு பைனாகுலரையும் வாங்கினேன். பைனாகுலரில் ஒரு கண்தான் வேலை செய்தது.

துப்பாக்கி ஓய்ந்த இரண்டு குளிர்காலங்களும் எனக்கு மிகவும் சந்தோஷமானவை. முதல் வருஷத்தைவிட இரண்டாவது வருஷம் பறவைகள் அதிகம். நான் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் சொல்வேன். என் மனைவி தானே பெயர் வைப்பாள். தட்டையான அலகால் தண்ணீரை அரித்துக்கொண்டே போகும் தாராவுக்குக் கரண்டி மூக்கு. வாலை ஆட்டிக்கொண்டு வரப்பில் ஓடும் சிறிய உள்ளானுக்கு, மாட்டுங்காவில் எங்கள் பக்கத்து அறையில் குடியிருந்த ஒரு நடன ஆசிரியையின் பெயர். காலப்போக்கில் எனக்கும் புத்தகத்துப் பெயர் மறந்து அவள் வைத்ததுதான் வாயில் வந்தது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சில நாட்களில் பறவைகள் பின்சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிடுமோ என்னும் அளவுக்கு நெருங்கி நிற்கும். சில நாட்களில் கழியின் கோடியில் வெறும் புள்ளிகளாகத் தெரியும். நான் அலுவலகம் போகிறவன். ஒரு நாள் விடியற்காலை, ஒரு நாள் மாலை, ஞாயிறு என்றால் எப்போதாவது என்று பார்ப்பவன். பறவைகளின் மனப்போக்கு என்று விட்டுவிட்டேன்.

உத்தரவின் இரண்டு வருஷம் முடிகிற மாசியில் அதிகாரியிடமிருந்து மாமாவுக்குச் செய்தி வந்தது. துப்பாக்கிக்காரர்கள் மறுபடி அனுமதி கேட்டிருக்கிறார்கள். காலனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்து வரப்பிலிருந்து கழியைப் பார்த்துத்தான் சுடுவோம், ஒரு குண்டுகூட மாடியில் விழாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"பல்லுக்கு ஆபத்து இல்லைன்னு ஆயிடுத்து. இனிமே பல்லைக் காட்டி ஒண்ணும் நடக்காது. வேற காரணம் இருக்கான்னு கேக்கறார்" என்றார் மாமா.

"பறவைகள் இருக்கே" என்றேன்.

"அது ஒரு காரணமா?"

"மாமா, சுட ஆரம்பிச்சா ஒரே வாரத்துல எல்லாம் கிளம்பிப் போயிடும். இரண்டு வருஷமா நம்பி வந்து இறங்கியிருக்கு."

என் மனைவி அப்போது வெறுமே, "அந்தச் சிவப்புக் காலை நீங்க பாக்கலை மாமா" என்றாள். மாமா அதற்கு மேல் விவாதிக்கவில்லை. நான் எழுதிய கடிதத்தில் சங்கத்தின் முத்திரையை அவரே குத்தினார். அதிகாரி சுருக்கமாகப் பதில் சொல்லி அனுப்பினார்: மாத முடிவுக்குள் அறிக்கை போக வேண்டும், கண்ணால் பார்த்தால்தான் பறவைகளைப் பற்றி எழுத முடியும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நேரத்தை நீங்களே சொல்லுங்கள்.

நேரம் குறிக்கும் பொறுப்பை மாமா வேறு யாருக்கும் விடுவாரா? பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை ஏகாதசி, நல்ல நாள். பன்னண்டுலேர்ந்து ஒண்ணரை எமகண்டம். நாலரைக்கு மேலே ராகு காலம். நடுவுல மூணுலேர்ந்து நாலரை குளிகை. சரியா மூணு மணிக்கு அவர் காலடி எடுத்து வைக்கணும்."

"குளிகை ஆகுமா மாமா?"

"குளிகையிலே பண்ணின காரியம் திரும்பத் திரும்ப நடக்கும்யா! இந்தத் தடவை உத்தரவு கொடுத்தார்னா, வருஷா வருஷம் கொடுத்துண்டே இருப்பார். இதைவிட என்ன வேணும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முந்தின ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு மாடியிலிருந்து பார்த்தபோது அவ்வளவு பறவைகள் இருந்தன. மூன்று மணிக்கு எங்கே போய்விடப் போகின்றன என்று நினைத்தேன்.

அதிகாரி சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே, வெள்ளைச் சட்டையும் மடித்த குடையுமாக வந்தார். மாமா அவரைக் குளிகை பிறக்கும்வரை காலனி வாசலிலேயே நிறுத்தி வைத்து மழைத்தண்ணீர் வடிகாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு மாடிக்கு அழைத்து வந்தார். நான் பைனாகுலரைத் துடைத்து வைத்திருந்தேன்.

சதுப்பு முழுவதும் சேறாகக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய வரை பழுப்பாக, பிளந்து, வெயிலில் பளபளத்துக்கொண்டு. தண்ணீர் கழியின் நடுவுக்குச் சுருங்கியிருந்தது. அதன் ஓரத்தில் பொடி தூவியது போல ஏதோ தெரிந்தது. கிட்டத்தில் ஒரு எருமை. அதன் மேல் ஒரு காக்கை.

அதிகாரி பைனாகுலரை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"சார், இதுல இடது கண்ணு வேலை செய்யறதில்லையே."

"வலது கண்ணால பாருங்கோ சார். அதோ, தண்ணி ஓரத்துல."

"பாக்கறேன். அது பக்ஷியா கொசுவா?"

"பக்ஷிதான். ஆயிரக்கணக்குல இருக்கு."

"இருக்கலாம். நான் அறிக்கையில என்ன எழுதறது? ஒரு எருமை, ஒரு காக்கை, தூரத்தில் மிளகுப்பொடின்னா?" என்று சிரித்தார். சிரித்தாலும் அவர் பொய் எழுதுகிறவர் இல்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. எருமை மட்டும் ஒரு தடவை கத்தியது.

கீழே வந்ததும் என் மனைவி கோதுமை ரவை உப்புமா கொடுத்தாள். அதிகாரி, தானும் ஏகாதசி விரதம், காபி மட்டும் போதும் என்றார். மாமாவுக்குக் காபியும் கிடையாது. யாரும் தொடாத உப்புமாவுக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

"இன்னும் ஒரே ஒரு தடவை வரேளா சார்?" என்று கேட்டேன்.

"வரேன். ஆனா இந்த வாரம்தான். அதுக்கு அப்புறம் அறிக்கை போயாகணும். இந்தத் தடவை மாமா நேரம் குறிக்க வேண்டாம்" என்றார். மாமா ரோஷத்தோடு விசிறியை எடுத்து வீசிக்கொண்டார்.

அவர் போன பிறகு நான் மாடிக்கே போய் நின்றுகொண்டேன். இருட்டும் வரை பறவைகள் நெருங்கவே இல்லை. என் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே வந்தாள்.

"ஏன்னா, அமாவாசை அன்னிக்கு வரச் சொல்லக் கூடாதோ?"

"ஏன்?"

"நீங்க தர்ப்பணம் முடிச்சு, நான் காக்கைக்குச் சாதம் வைக்க மேலே வருவேனே, மத்தியானம், அப்போல்லாம் சுவர் வரைக்கும் தண்ணி நிக்கும். இதுகள் எல்லாம் போக இடமில்லாம இங்கே வந்து வரப்புல ஒட்டிண்டு நிக்கும். நான் வருஷம் பூரா பாக்கறேன். அமாவாசைக்கு அமாவாசை அப்படித்தான்."

"அமாவாசைக்கு மட்டுமா?"

"பௌர்ணமிக்கும்தான். சாயங்கால பூஜைக்கு மத்தியானமே மாடிப் பூந்தொட்டியில பூப்பறிக்க வரப்போ பாத்திருக்கேன். உங்களுக்கு இங்கிலீஷ் தேதிதானே தெரியும்."

நான் கீழே ஓடி மாமாவின் பஞ்சாங்கத்தைக் கேட்டு வாங்கினேன். ஏகாதசியன்று காலை எட்டு மணி சுமாருக்குத் தண்ணீர் ஏறியிருந்ததை நானே பல் தேய்க்கும்போது பார்த்திருக்கிறேன். மூன்று மணி என்பது அது முழுவதும் வடிந்துவிட்ட நேரம். கடல் ஏற்றம் ஒவ்வொரு திதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகிறது. அமாவாசைக்கு அது மத்தியானத்தில் வந்து நிற்கிறது. எங்களிடம் இருந்த பஞ்சாங்கம் சரியானதுதான். நாங்கள் அதில் ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் பார்த்தோம். திதி நல்லதா என்று மட்டும் பார்த்தோமே தவிர, அன்றைக்குச் சந்திரன் தண்ணீரை என்ன செய்து வைத்திருக்கும் என்று பார்க்கவில்லை.

"அடப் பாவமே, கழி வத்தற நேரத்துக்குக் குளிகை பாத்திருக்கேனே!" என்றார் மாமா. அமாவாசை வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்பதை மட்டும் ஞாபகப்படுத்தினார். அதற்குள் முடிந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் அலுவலகம் விட்டதும் மாட்டுங்காவில் இறங்கி அதிகாரியின் வீட்டுக்குப் போனேன்.

"வியாழக்கிழமை மத்தியானமா? வேலை நாள். அமாவாசை வேற" என்றார்.

"தர்ப்பணத்துக்கு அரை நாள் லீவு எடுத்திருப்பேளே சார்."

அவர் உள்ளே பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எடுத்திருக்கேன். ஆனா ஆத்துல வந்துதான் சாப்பிடணும். அன்னிக்கு வெளியிலே கை நனைக்க மாட்டேன். நீங்க கூப்பிடற நாளெல்லாம் பட்டினி நாளாவே இருக்கே!"

செவ்வாயும் புதனும் நான் அலுவலகத்திலிருந்து வந்ததும் என் மனைவி மாடி நிலவரம் சொன்னாள். தண்ணீர் சொன்னபடியே தள்ளித் தள்ளி ஏறியது. ஆனாலும் வியாழக்கிழமை தர்ப்பணம் செய்யும்போது என் கை எள்ளில் இருந்தது, காது பின்சுவரில் இருந்தது.

பதினொன்றரைக்கு அதிகாரி வந்தார். நெற்றியில் விபூதி இன்னும் ஈரமாக இருந்தது. மாமாவையும் சேர்த்து மூவரும் மாடி ஏறினோம். சேறு பாதிக்கு மேல் மூடியிருந்தது. அலையாத்திப் புதர்களின் நடுவே தண்ணீர் சத்தம் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு கூட்டம் தூரத்தில் எழும்பி, திரும்பியபோது முழுவதும் வெள்ளையாகி, மறுபடி திரும்பிச் சாம்பலாகி, அருகில் வந்து வரப்பில் இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். உள்ளான்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு உப்பளத்து வரப்பு முழுவதையும் அடைத்தன. சிவப்புக் கால்காரர்கள் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். கரண்டி மூக்குகள் பலகையைச் சுற்றிச் சுற்றி நீந்தின. பலகையின் மேல் ஒரு கொக்கு ஏறி நின்றது. இத்தனையும் பைனாகுலர் இல்லாமலே தெரிந்தன.

அதிகாரி குடையைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ சார்" என்றார் மெதுவாக.

இந்த நேரத்தில் என் மனைவி இலையில் சாதமும் எள்ளும் கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் வைத்தாள். காக்கை எடுத்தால்தான் எங்களுக்குச் சாப்பாடு. "கா, கா" என்று கூப்பிட்டாள். வழக்கமான காக்கைகள் கீழே அமளியைப் பார்த்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தன. சட்டென்று ஒரு பெரிய வெள்ளைப் பறவை சாம்பல் இறக்கையை விரித்து இறங்கி, சாதத்தை ஒரே விழுங்காக விழுங்கிவிட்டுப் பறந்தது.

மாமா பதறிவிட்டார். "காக்கைக்கு வெச்சதை இது தின்னுடுத்தே! இப்போ என்ன பண்றது?"

"அது இமயமலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வரதாம் மாமா" என்றேன்.

"நம்ம பித்ருக்கள் அங்கே எப்போ போனா?" என்றார் மாமா.

"வெளியூர்ல போஸ்டிங் ஆயிருக்கும் மாமா, லீவுல வந்திருக்கா" என்றார் அதிகாரி. சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். மாமா அவரை முறைத்துப் பார்த்து, பிறகு அடக்க முடியாமல், உடைந்த பல் தெரியச் சிரித்துவிட்டார். என் மனைவி மட்டும் இன்னொரு பிடி சாதம் கொண்டுவந்து, எங்கள் காக்கை வந்து எடுக்கும்வரை விசிறியோடு காவல் நின்றாள்.

ஒன்றரைக்கு முன்பாகவே அதிகாரி புறப்பட்டார். படி இறங்கும்போது, "வயிறு காந்தறது. ஆனா பாத்துட்டேன்" என்றார்.

உத்தரவு பங்குனி பிறப்பதற்கு முன்பே வந்தது. இந்தத் தடவை அதில் குடியிருப்பவர்களைப் பற்றியோ பல்லைப் பற்றியோ ஒன்றும் இல்லை. இங்கே தங்கும் நீர்ப்பறவைகளை முன்னிட்டு என்று இருந்தது. பழைய பலகையைப் பிடுங்கிப் புதியதை ஊன்றிய அன்று, என் மனைவி கைவேலையை விட்டுவிட்டு வந்து சுவர் ஓரமாக நின்று பார்த்தாள். அந்த ஞாயிறு ஜீப் ஒன்று வந்து பலகைக்கு எதிரில் சிறிது நேரம் நின்றது. பிறகு திரும்பிப் போயிற்று.

உத்தரவை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு அதிகாரி வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டியிருந்தது. "குளிகையிலே காலடி வெச்சவர், வராம இருப்பாரா?" என்று மாமா எல்லோரிடமும் சொன்னார். அதை மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அவர் வரும் நாளை மட்டும் நாங்கள் மாற்றிக்கொண்டோம். பௌர்ணமிக்கும் தண்ணீர் மத்தியானம்தான் சுவரைத் தொடுகிறது. அன்றைக்கு யாருக்கும் பட்டினி இல்லை. அடுத்த மாசிப் பௌர்ணமியில் பறவைகளைப் பார்த்துவிட்டு அதிகாரி எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். என் மனைவி அந்த வருஷத்தின் முதல் வடாமைப் பொரித்து இலையில் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிப் பார்த்தார்.

"இன்னும் நம்பிக்கை வரலையா சார்?" என்றாள்.

"உங்க வடாத்து மேலே இல்லை மாமி, என் உத்தரவு மேலே" என்று சொல்லிவிட்டு, முன்பல்லால் மெதுவாகக் கடித்தார்.